யாருக்கு எந்த வேலை? – வாசகர் கேள்வி பதில்

ஆட்களை வைத்து வேலை வாங்குவதில் உள்ள சிக்கல்களைப் பற்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஆறு இந்த இதழில் இடம்பெறுகின்றன. பதில் எழுதுபவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் நீண்ட காலம் பொறுப்பு வகித்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: போச்சம்பள்ளிக்கு அருகில் மாங்கூழ் ஆலை ஒன்றில் ஷிப்டு மேற்பார்வையாளராக இருக்கிறேன். சீசன் நாட்களில் என் பொறுப்பில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். சீசன் முடிந்ததும் ஒவ்வொருவருடைய குறைகளையும் எழுதித் தருமாறு நிர்வாகம் கேட்கிறது. அதை வைத்து மறு ஆண்டு தொடக்கத்தில் பயிற்சி நடக்கிறது. பயிற்சிக்குப் பிறகும் அதே ஆட்கள் அதே குறைகளோடுதான் இருக்கிறார்கள். நான் எங்கே தவறு செய்கிறேன்? – வாசகர், போச்சம்பள்ளி

பதில்: தவறு உங்களிடம் இல்லை, உங்களிடம் நிரப்பக் கொடுத்த தாளில் இருக்கிறது. நாற்பது பேருடைய குறைகளுக்கும் கட்டம் போட்டிருக்கும் அந்தத் தாளில், யாருக்கு எது நன்றாக வரும் என்று எழுத ஒரு கட்டமாவது உண்டா என்று பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாங்கூழ் ஆலையில் நடப்பதெல்லாம் ஒரே வேலையாகத் தோன்றும். லாரியில் வந்த பழத்தை இறக்கிப் பழுக்க வைப்பது, கழுவுவது, மேசையில் தரம் பிரிப்பது, காம்பையும் அழுகலையும் வெட்டி எறிவது, தோலையும் கொட்டையையும் பிரிக்கும் இயந்திரத்தைக் கவனிப்பது, கூழைச் சூடாக்கி ட்ரம்மிலோ டின்னிலோ நிரப்புவது, இடையிடையே பிரிக்ஸ் (கூழில் உள்ள சர்க்கரையின் அளவு) பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என்று ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளைக் கேட்கும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். பெங்களூரா பழத்தின் தோல் பல நேரம் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்காது. ஆனால், பழத்தைக் கையில் எடுத்த அந்த நொடியிலேயே உள்ளே கருத்திருக்கிறது என்று சொல்லிவிடும் பெண் ஒருத்தி உங்கள் மேசையில் கட்டாயம் இருப்பாள். அவளுக்குப் பதிவேடு எழுத வராமல் இருக்கலாம். நிர்வாகத்தின் தாளில் அவளுடைய பெயருக்கு நேராக "பதிவேடு எழுதுவதில் பலவீனம்" என்று ஏறும். அவளைப் பதிவேட்டுப் பயிற்சிக்கு அனுப்புவீர்கள். மூன்று சீசன் கழித்து அவள் சுமாராக எழுதவும் கற்றுக்கொள்வாள். அவள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மேசையைத் தாண்டிப்போன நான்கு அழுகல் பழங்கள் இருநூறு கிலோவுக்கு மேல் பிடிக்கும் ஒரு ட்ரம்மின் வாசனையையே கெடுத்திருக்கும்.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் (1909–2005), பலர் சேர்ந்து ஒரு நிறுவனமாக இயங்குவதன் பயனே இதுதான் என்று 1960களிலேயே எழுதினார்: ஒவ்வொருவருடைய பலமும் வேலையில் இறங்க வேண்டும், ஒருவருடைய பலவீனம் வேலையைத் தொடாதபடி இன்னொருவருடைய பலம் அதை மூடிவிட வேண்டும். தனி ஆளாகக் கடை வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. கணக்கு வராவிட்டாலும் அவரேதான் கணக்கு எழுதியாக வேண்டும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு நாற்பது தனிக் கடை நடத்துவதைப் போல நீங்கள் நடத்த வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. கை கழுவுவது, தலையுறை அணிவது, ஓடும் இயந்திரத்தில் கை வைக்காமல் இருப்பது போன்றவற்றில் யாருக்கும் விலக்கு கிடையாது. அங்கே குறை என்றால் திருத்தியே ஆக வேண்டும். ஆகவே தாளில் உள்ள குறைகளை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: எல்லோரிடமும் இருந்தே தீர வேண்டியவை, வேறொருவரிடம் மாற்றிவிடக்கூடியவை. இரண்டாவது வகைதான் அதிகமாக இருக்கும் என்பது என் அனுபவம். அவற்றைப் பயிற்சிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வேலைப் பிரிவினைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். "உனக்கு எதில் திறமை?" என்று ஆளைக் கேட்டால் பதில் வராது; தனக்கு எளிதாக வருவதை யாரும் திறமையாக நினைப்பதில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சீசன் முழுவதும் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, வேலை தடுமாறும்போது மற்றவர்கள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் குறித்துவாருங்கள். இயந்திரம் வழக்கத்திற்கு மாறாகச் சத்தம் போட்டால் ஒருவரைத் தேடுவார்கள், இரண்டு பெண்களுக்குள் சண்டை வந்தால் வேறொருவரைத் தேடுவார்கள், லாரிக்காரரோடு எடைத் தகராறு என்றால் மூன்றாவது ஒருவரைத் தேடுவார்கள். உங்கள் நிர்வாகத்திற்குத் தெரியாத பட்டியல் உங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

கண்டுபிடித்த பிறகு செய்ய வேண்டியதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இன்ன வேலையை இன்னவனிடம் விடு என்னும் 517ஆம் குறள் நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் ஒலிக்கும். அதற்கு அடுத்த குறளை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. வேலைக்குத் தகுந்தவன் என்று தெரிந்த பின் அவனை அந்த வேலைக்கு உரியவனாகவே ஆக்கிவிடு என்கிறது அது. தரம் பிரிக்கும் பெண் "இந்த லாட் கீழே போகக் கூடாது" என்று சொன்னால், உங்களைக் கேட்காமலேயே அந்த லாட் நிற்க வேண்டும். அந்த உரிமை இல்லாமல் அவளை மேசையில் நிறுத்தினால் அவளுடைய கண்ணை மட்டும் வாடகைக்கு எடுத்ததாக ஆகும். கூலியும் அப்படியே: "நீ செய்தால்தான் சரியாக வருகிறது" என்ற பாராட்டு முதல் சீசனில் இனிக்கும், கூலியில் எதுவும் ஏறாவிட்டால் மூன்றாவது சீசனில் பக்கத்து ஆலையில் அவளைப் பார்ப்பீர்கள். எட்டு மணி நேரமும் ஒரே மேசையில் நிற்க வைத்தால் எந்தக் கண்ணும் களைக்கும் என்பதால், நடுவே வேறு வேலைக்கு மாற்றிவிடுவதும் அவளுடைய திறமையைக் காப்பாற்றும் வழிதான்.

கேள்வி: ஓசூரில், கணினி வழி இயங்கி உலோகத்தை வெட்டும் ஆறு சிஎன்சி இயந்திரங்கள் உள்ள சிறு பட்டறை நடத்துகிறேன். என்னிடம் இருந்த செட்டர்களில் (இயந்திரத்தில் டூல் பொருத்தி வேலைக்குத் தயார் செய்பவர்களில்) மிகச் சிறந்தவரைச் சென்ற ஆண்டு சூப்பர்வைசர் ஆக்கினேன். இப்போது ஆட்களும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ரிஜெக்‌ஷனும் கூடிவிட்டது. அவரைப் பழைய வேலைக்கு அனுப்பினால் அவமானமாக நினைப்பாரோ என்று தயங்குகிறேன். – வாசகர், ஓசூர்

பதில்: நினைக்கத்தான் செய்வார். அதற்கு நீங்களும் நானும் சேர்ந்து கட்டிவைத்திருக்கும் ஏணிதான் காரணம். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். நான் பணியாற்றிய இடத்தில் ஒரு வெல்டர் இருந்தார். அவர் போட்ட தையலைச் சோதனைக்கு அனுப்புவதே வீண் என்று தரப் பிரிவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அவருக்குச் சம்பளம் கூட்ட வழி தேடியபோது, அவருடைய தரத்தில் உச்ச வரம்பு வந்துவிட்டது, ஃபோர்மேன் ஆக்கினால் மட்டுமே கூட்ட முடியும் என்று விதி சொன்னது. ஆக்கினோம். மனிதர் யாரையும் வேலை வாங்கத் தெரியாமல், எல்லோருடைய வேலையையும் தாமே இழுத்துப் போட்டுச் செய்து, இரவு பத்து மணிக்கு வீட்டுக்குப் போனார். ஓராண்டுக்குப் பிறகு "என்னைப் பழைய இடத்தில் விட்டுவிடுங்கள், சார்" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பதவி இறக்கம் என்று கோப்பில் பதிந்தது என் கைதான். மூன்று மாதத்தில் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். ஒரு நல்ல வெல்டரையும் இழந்தோம், ஃபோர்மேனும் கிடைக்கவில்லை.

கனடாவில் பிறந்த கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் 1969இல் இதை ஒரு விதியாகவே எழுதிக் காட்டினார்: படிநிலை உள்ள இடத்தில் ஒவ்வொருவரும் தமக்கு இயலாத படி வரும்வரை ஏற்றப்பட்டு, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவர் கிண்டலாகத்தான் எழுதினார். படித்தவர்களில் பலர் தங்கள் அலுவலகத்தின் மேல்மாடியை ஒருமுறை எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

செட்டரின் பலம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். வரைபடத்தைப் பார்த்ததும் எந்த டூல் முதலில் இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆஃப்செட்டை, அதாவது டூலின் நிலைத் திருத்தத்தை, எத்தனை மைக்ரான் மாற்ற வேண்டும் என்பது கணக்குப் போடுவதற்கு முன்பே கைக்கு வந்துவிடும். முதல் பீஸ் சரியாக வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். இது இயந்திரத்தோடு தனியாக நின்று பொறுமையாகப் பேசும் ஆளின் பலம். சூப்பர்வைசர் வேலையோ, இரவு ஷிப்டுக்கு வராதவரின் வீட்டுக்கு ஃபோன் போடுவதும், வந்தவரின் முகத்தைப் பார்த்தே இன்று இவரிடம் கடினமான வேலையைக் கொடுக்கக் கூடாது என்று புரிந்துகொள்வதும் ஆகும். முன்னதில் சிறந்தவர் பின்னதிலும் சிறந்தவராக அமைவது தற்செயல்.

உங்களுடையது சிறு பட்டறை என்பதால் பெரிய ஆலைகளைக் கட்டிப்போடும் விதிகள் உங்களுக்கு இல்லை. அவரைத் தலைமை செட்டர் என்று அறிவித்து, சூப்பர்வைசர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறைக்காமல், முதல் பீஸுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தையும் புதிய டூல் வாங்கும் முடிவையும் அவரிடம் கொடுங்கள். இதைத் தனியறையில் சொல்லிவிட்டு விடாமல் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். ஆட்களை மேய்க்கும் வேலைக்கு, சுமாரான செட்டராக இருந்தாலும் மற்றவர்கள் மதித்துக் கேட்கும் ஒருவரைத் தேடுங்கள். அவர் கடைசி இயந்திரத்தில் நின்றுகொண்டிருக்கலாம்.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பதினைந்து பேர் இருக்கிறோம், கேழ்வரகு முறுக்கும் மாவும் செய்து விற்கிறோம். நான் ஊக்குநர். நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு தங்கச்சியைத்தான் வங்கிக்கும் வட்டார அலுவலகத்துக்கும் எப்போதும் அனுப்புகிறேன். "எப்போதும் அவள்தானா, சுற்று முறையில் எல்லோரையும் அனுப்பு" என்று மற்றவர்கள் சண்டை போடுகிறார்கள். அவரவர் திறமைக்கு ஏற்ற வேலை கொடுப்பது தவறா? – வாசகி, பென்னாகரம்

பதில்: தவறு இல்லை, ஆனால் சண்டை போடுபவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு உங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரியோடு சேர்ந்திருந்தது, 2004இல்தான் பிரிந்தது. வெறுமனே முறுக்கு விற்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் ஒரு கடையைத் தொடங்கி, வேலை தெரிந்த நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம். வங்கி வாசலை மிதிக்காதவர் மிதிக்க வேண்டும், கையெழுத்துப் போடத் தயங்கியவர் போட வேண்டும் என்பதும் குழுவின் வேலையில் சேர்ந்தது. ஆகவே உங்கள் குழுவுக்கு இரண்டு கணக்கு உண்டு: இந்த மாதம் எவ்வளவு விற்றோம் என்பது ஒன்று, இந்த ஆண்டு யாருக்கெல்லாம் புதிதாக ஒன்று தெரிந்தது என்பது மற்றொன்று. எப்போதும் ஒரே தங்கச்சியை அனுப்பினால் முதல் கணக்கு நன்றாக இருக்கும், இரண்டாவது அப்படியே நிற்கும். பாஸ் புத்தகம் ஒருவர் கையிலேயே இருப்பதால் வரும் சந்தேகத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல குழுக்கள் உடைந்த கதைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. வாய்ப்பே கிடைக்காத இடத்தில் ஒருவருக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? பேசத் தெரியாதவர் என்று நீங்கள் நினைப்பவர் இதுவரை பேசவேண்டிய இடத்துக்கே போகாதவராக இருக்கலாம். பலத்தைப் பார்த்து வேலை கொடுக்கிறோம் என்று சொல்பவர்கள் பல நேரம், பழக்கத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

அதற்காக மாவு அரைக்கும் பக்குவத்தையும் சுற்றுக்கு விட்டுவிடாதீர்கள். முறுக்கு மாவில் உப்பும் எள்ளும் யார் கையால் விழுந்தால் சரியாக இருக்கும் என்று ஊருக்கே தெரிந்திருக்கும்போது, அதில் சமத்துவம் பார்த்தால் விற்பனை போய்விடும். சரக்கின் தரத்தைத் தொடும் வேலைகளைக் கைவந்தவரிடமே நிலையாக விடுங்கள். பணத்தையும் வெளியாட்களையும் தொடும் வேலைகளைச் சுற்றில் வையுங்கள். ஆனால் தனியாக அனுப்பாமல், அந்தத் தங்கச்சியோடு ஒவ்வொரு முறையும் வேறொருவரைச் சேர்த்து அனுப்புங்கள். முதல் முறை புதியவர் உட்கார்ந்து கேட்கட்டும், இரண்டாம் முறை அவர் பேசட்டும், தங்கச்சி உட்கார்ந்திருக்கட்டும். அந்தத் தங்கச்சிக்கும் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். தம்மிடமிருந்து பிடுங்குகிறார்கள் என்று நினைக்காமல், கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வந்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்ளும்படி குழுக் கூட்டத்திலேயே சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஆட்களின் பலத்தைக் கண்டறியும் தேர்வுகள் இணையத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் முப்பது பேருக்கும் வைக்கலாமா? – வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: வைக்கலாம், கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதுபோல அதையே முடிவாக வைத்துக்கொள்ளக் கூடாது. இவற்றில் பெயர் பெற்றது அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கிளிஃப்டன் (1924–2003) வழிகாட்டுதலில் கேலப் நிறுவனம் உருவாக்கியது. அது ஒருவரிடம் இருக்கக்கூடிய பலங்களை 34 தலைப்புகளாகப் பிரிக்கிறது. கிறிஸ்டோஃபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004இல் வெளியிட்ட இன்னொரு வகைப்பாடு, நற்பண்புகளை 24 ஆகப் பிரிக்கிறது. இரண்டிலும் ஆள் தன்னைப் பற்றித் தானே சொல்லும் பதில்களிலிருந்துதான் முடிவு வருகிறது. தன்னைப் பற்றிய கணிப்பில் ஏமாறாதவர் யார்?

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் உளவியல் ஆசிரியர் தம் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவரிடமும் "இது உங்களுடைய குணச்சித்திரம்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி நான்கைத் தாண்டியது. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளையும் கடையில் கிடைத்த ஜோசியப் புத்தகத்திலிருந்துதான் எடுத்திருந்தார். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டு ஏன் எப்போதும் பொருந்துகிறது என்பதற்கும் இதுவே விடை.

தேர்வால் ஒரு நன்மை உண்டு. குறையைத் தவிர வேறெதையும் பேசிப் பழகாத அலுவலகத்தில், பலத்தைப் பற்றிப் பேச அது ஒரு சாக்கைத் தரும். தேர்வு முடிந்ததும், முடிவுத் தாளைப் பார்க்காமலே, ஒவ்வொருவரைப் பற்றியும் கூட வேலை செய்யும் மூவரிடம், அவர் சிறப்பாகச் செய்த ஒரு வேலையை நாள், இடத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டும் பொருந்தும் இடத்தை நம்பலாம். பொருந்தாத இடத்தில் நான் தேர்வைவிடக் கூட வேலை செய்பவர்களையே நம்புவேன்.

கேள்வி: ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். என் கணக்குப்பிள்ளை கணக்கில் புலி. விவசாயிகளை மரியாதை இல்லாமல் பேசுகிறார். பலத்தைப் பார்த்துக் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? – வாசகர், ராயக்கோட்டை

பதில்: கணக்கு வராதது குறை, விவசாயியை ஒருமையில் அழைப்பது நடத்தை. முன்னதை வேறொருவரை வைத்துச் சரிக்கட்டலாம், பின்னதை யாரையும் வைத்து மூட முடியாது. அவரைக் கூப்பிட்டு, எந்த நாள், எந்த விவசாயியிடம், என்ன சொல்லைச் சொன்னார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "கொஞ்சம் மரியாதையாகப் பேசுப்பா" என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. விடியற்காலை வண்டிகள் குவியும் நேரத்தில் மட்டும் சீறுகிறாரா என்றும் பாருங்கள். அப்படியானால் அந்த நேரத்தில் வாசலில் பேச வேறு ஆளை நிறுத்திவிட்டு இவரை உள்ளே உட்கார வைப்பது உதவும். எந்த நேரத்திலும், ஏழையிடம் மட்டும் சீறுகிறார் என்றால் வேறு கணக்குப்பிள்ளையைத் தேடுங்கள். புலி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். புலியை மண்டியில் கட்டி வைக்க முடியாது.

கேள்வி: ஊத்தங்கரையைச் சேர்ந்த நான், ஓசூர் அருகே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தைந்து பெண்கள் உள்ள லைனுக்கு லீடராக ஆகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. நான் அதிகம் பேச மாட்டேன். லீடர் என்றால் சத்தம் போட வேண்டும் என்கிறார்கள். என்னுடைய பலம் எது என்று எனக்கே தெரியவில்லை. – வாசகி, ஊத்தங்கரை

பதில்: ஐந்து மாதத்தில் தெரியாததில் வியப்பில்லை, எனக்குத் தெரிய நாற்பது வயது ஆயிற்று. சத்தம் போட வேண்டும் என்று சொல்பவர்களுடைய லைனையும் உங்களுடைய லைனையும் பக்கத்தில் வைத்து, வராதவர் எண்ணிக்கை, பாதியில் நின்றவர் எண்ணிக்கை, திருப்பி வந்த சரக்கு ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். சத்தத்தின் விலை அங்கே தெரிந்துவிடும். பேசாத லீடரிடம்தான் ஹாஸ்டலில் நடப்பதைப் பெண்கள் சொல்வார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன், ஆனால் உங்களிடம் சொல்கிறார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தன் பலத்தைத் தானே கண்டுபிடிக்க, மேலே நான் குறிப்பிட்ட டிரக்கர் ஒரு வழி சொன்னார். அவரே அதைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்தார். முக்கியமான ஒரு முடிவை எடுக்கும்போதெல்லாம், அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை அன்றே எழுதிவைத்துவிட வேண்டும். ஒன்பது மாதமோ ஓர் ஆண்டோ கழித்து, நடந்ததையும் எழுதியதையும் ஒப்பிட வேண்டும். நினைவை நம்பக் கூடாது. நடந்து முடிந்த பிறகு, அப்படித்தான் நடக்கும் என்று நமக்கு முன்பே தெரிந்ததாக மனம் சொல்லிவிடும்.

உங்களுக்கு ஏற்றபடி சொல்கிறேன். "புதிதாக வந்த பெண்ணைச் சாலிடரிங்கில் வைக்கிறேன், மூன்று வாரத்தில் தேறிவிடுவாள்" என்று தேதியோடு எழுதுங்கள். "இந்த இருவரையும் அடுத்தடுத்து உட்கார வைக்கிறேன், சண்டை குறையும்" என்று எழுதுங்கள். "மேலாளரிடம் கூடுதல் ஆள் கேட்கப் போகிறேன், தருவார்" என்றும் எழுதுங்கள். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால், ஆட்களைப் பற்றி நீங்கள் கணித்தவை பெரும்பாலும் பலித்து, மேலாளரைப் பற்றிக் கணித்தவை பெரும்பாலும் பொய்த்திருக்கலாம். அல்லது தலைகீழாக இருக்கலாம். பலித்த பக்கத்து வேலையை இன்னும் அதிகமாகக் கேட்டு வாங்குங்கள். பொய்த்த பக்கத்துக்கு லைனிலேயே வேறொரு பெண்ணின் துணை கிடைக்குமா என்று பாருங்கள். நோட்டில் ஆட்களின் பெயர்கள் இருக்கும் என்பதால் அதை லைனில் வைக்காமல் அறையில் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.